ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்ட சிஸ்டர்

உளுந்து அளவுக்குத் தோலை வெட்டி எடுக்கப் பதினாறு சாமான் வேண்டும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆரணியில் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் நான்கு வருடம் டோக்கன் போட்டேன். அங்கே ஒரு சிஸ்டர் இருந்தாள். அவள் கேட்டுக் கேட்டே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இப்போதும் யாராவது கேட்டால் வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். யாரும் கேட்பதில்லை.

தோலில் தடிப்போ தேமலோ இருந்து, பார்த்தவுடன் இன்னதென்று டாக்டரால் சொல்ல முடியவில்லை என்றால், அதில் துளி வெட்டி லேபுக்கு அனுப்புவார்கள். அதுதான் பயாப்சி. பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் சாமான்களை எடுத்துவைக்கும் வேலை எல்லா ஊரிலும் பத்து நிமிடம் பிடிக்கும், எங்கள் சிஸ்டருக்கு அரைமணி நேரம். டாக்டர் வேலூரிலிருந்து வாரத்தில் மூன்று சாயங்காலம் வருவார். வந்தவர் கையைக் கழுவிக்கொண்டு, ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். அவருக்கு யாரிடமும் எதையும் கடிந்து சொல்ல வராது.

சிஸ்டர் எல்லாவற்றையும் ஸ்டீல் ட்ரேயில் அடுக்கிய பிறகு என்னைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்துவாள். அவள் பேர் சொல்வாள், நான் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

"ஸ்பிரிட்டு."

"இருக்குது."

"மரப்பு ஊசி மருந்து."

"இருக்குது."

"தேதி பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பஞ்ச்."

பஞ்ச் என்றால் பேனா மாதிரி இருக்கும் ஒரு சின்னக் கருவி. நுனியில் வட்டமான பிளேடு. அதை வைத்து அழுத்தித் திருகினால் உளுந்து அளவு தோல் வந்துவிடும்.

"இருக்குது."

"கவர் பிரியாம இருக்குதா?"

"பிரியாம இருக்குது."

இப்படிப் பதினாறும். அடுக்கியவள் அவள்தானே, என்னை எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் அவளைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். காலேஜ் முதல் வருடம் வரைக்கும் படித்தவள். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அடுக்குன கண்ணு, அடுக்கிட்டோம்னு நெனச்சுகினே பாக்கும்க்கா. அதுக்கு இல்லாததும் இருக்கற மாரி தெரியும். வேற ஒரு கண்ணு வேணும்" என்றாள்.

வரிசையில் கடைசி ஃபார்மலின். வெட்டிய தோல் கெடாமல் இருக்க அதைப் போட்டுவைக்கும் மருந்து. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். மூடியைத் திறந்தால் போதும், மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வந்துவிடும். பெரிய கேனிலிருந்து சின்னச் சின்ன பாட்டில்களில் ஊற்றி வைப்பது என் வேலை. ஃபார்மலின் பேர் வருவதற்குள் சிஸ்டர் கையுறை மாட்டிவிடுவாள். மாட்டியபின் பாட்டிலைத் தொடக்கூடாது. அதனால் அது ஒன்றை மட்டும் நான்தான் திறந்து மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மோப்பது உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். "தள்ளி வெச்சு மோந்து பாருங்கக்கா" என்று சிஸ்டர் திருத்திக்கொண்டாள்.

அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. சிடுசிடுப்பும் கிடையாது. இருப்பதை இருக்கிறது என்பாள், இல்லாததை இல்லை என்பாள். கேட்காவிட்டால் வாயைத் திறக்கமாட்டாள். கேட்டுவிட்டால் தப்பிக்க முடியாது. எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்திருந்தாள். தறியிலிருந்து அப்போதுதான் இறக்கிய பட்டுப்புடவை நான் கட்டியிருந்தேன். எங்கள் சொந்தத் தறி. வந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். போதாமல் நான் இவளிடமும் போய், "எப்டி இருக்குது சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"பொடவ நல்லா இருக்குது. ஜாக்கெட்டு சேரல."

சாயங்காலம் ஆல்பத்துக்குப் போட்டோ எடுக்கும்போது நான் ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டேன். அவள் சொன்னது சரி. ஆனால் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பேசாததை அவள் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

பெரணமல்லூர் தாண்டி ஒரு சின்ன ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்குக் களை பறித்தும் அறுவடைக்குப் போயும் அவளை நர்சிங் படிக்க வைத்தவர்கள். அவளைப் பெண் பார்க்க ஒருமுறை ஆள் வந்தார்கள். மறுநாள் வேலைக்கு வந்தவளிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சமைக்கத் தெரியுமான்னாங்க. சாம்பார் வரும், ரசம் வராதுன்னேன். கோவம் வருமான்னாங்க. வரும்னேன். போயிட்டாங்க" என்றாள். அப்புறம் பஞ்சு உருண்டை பிடிக்க உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அன்றைக்கெல்லாம் மனசு ஆறவில்லை.

ஆனால் ஒன்று. ஊசி போடுவதற்கு முன்னால், "வலிக்குமா?" என்று கேட்காத நோயாளி கிடையாது. டாக்டர், "எறும்பு கடிச்சா மாதிரிதான்" என்பார். அவரைக் கேட்டவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். சிஸ்டர், "ஊசி குத்தும்போது வலிக்கும், மருந்து போவும்போது எரியும், பத்து எண்றதுக்குள்ள மரத்துடும். அப்புறம் வெட்டுறது தெரியாது. சாயங்காலம் மறுபடி வலிக்கும், அதுக்கு மாத்திரை இருக்குது" என்பாள். அவளைக் கேட்டவர்கள் கையை நீட்டிவிட்டுப் பத்து எண்ணுவார்கள்.

ஒருநாள் ஒரு நெசவாளர் வந்தார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடது முழங்கைக்குக் கீழே ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெளுத்த தேமல். டாக்டர் பஞ்சால் தடவினார், குண்டூசியால் தொட்டார். தொட்டது நெசவாளருக்குத் தெரியவில்லை. தொழுநோயாக இருக்கலாம், ஆரம்பம்தான், பயாப்சி பண்ணிப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். நெசவாளரின் மகள் பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள். பேத்திக்கு நாற்பது நாள். "அப்ப கொழந்தைய தூக்கக்கூடாதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ரிசல்ட் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். அது பதில் இல்லை என்று நெசவாளருக்கும் புரிந்தது.

ட்ரே வந்தபோது அவர் கவனம் முழுக்க ஒரு சாமானில்தான் இருந்தது. தையல் போடும் நூல்.

"இது இன்னா நூலும்மா?"

"பட்டு" என்றாள் சிஸ்டர்.

அவர் நம்பவில்லை. முந்தின நாள் மிச்சமான ஒரு துண்டை அவள் எடுத்துக் கொடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். நகத்தால் சுரண்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பட்டுதான். முறுக்கு இல்ல, பின்னி இருக்கறான். மேல மெழுகு" என்றார். அதோடு டாக்டர் மேல் அவருக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு நடந்ததை நான் சரியாகச் சொல்லிவிட வேண்டும். காலையில் புண்ணில் நீர் வடியும் ஒருவருக்குத் துடைத்துக்கொள்ள உப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரை, கைக்குக் கிடைத்த ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றினேன். ஃபார்மலின் ஊற்றும் அதே மாதிரி பாட்டில். அவர் அதை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அதை எடுத்து ஃபார்மலின் பாட்டில் வரிசையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்றால், இடம் காலியாக இருந்தது. அவ்வளவுதான்.

சாயங்காலம் சிஸ்டர் பேர் சொல்லிக்கொண்டே வந்தாள். என் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். நாத்தனார் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் யாரை முதலில் கூப்பிட்டார்கள், யாரைக் கூப்பிடவில்லை என்ற விஷயம். போனை நடுவில் வைக்க முடியாத விஷயம்.

"ஃபார்மலின்."

"இருக்குது."

"பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்."

பாட்டிலைப் பார்த்தேன். திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து, தையல் பிரிக்க நெசவாளர் வரவேண்டிய அன்றைக்கே ரிப்போர்ட்டும் வந்தது. சதை கெட்டுப்போயிருக்கிறது, எதுவும் சொல்ல முடியாது என்று இரண்டே வரி. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு ரிப்போர்ட்டைக் காட்டினார். சிஸ்டர் நேராகப் போய் வரிசையில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்தாள். எல்லாம் ஃபார்மலின். எண்ணிப் பார்த்தாள். கணக்கில் ஒன்று அதிகமாக இருந்தது, நெசவாளரின் தோலுக்குப் போயிருக்க வேண்டிய பாட்டில்.

"அன்னிக்கு மோந்தீங்களாக்கா?"

"இல்ல" என்றேன். அவளிடம் பொய் சொல்ல வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"பாருங்கம்மா, இதையெல்லாம் அவர் கிட்ட சொல்லிகினு இருக்க வேணாம்" என்றார் டாக்டர். "லேப்ல இன்னொரு சேம்பிள் கேக்கறாங்கன்னு சொல்லிடலாம். எதுக்கு சங்கடம்?"

நெசவாளர் உள்ளே வந்து கையை நீட்டினார். டாக்டர் கத்தரியை எடுத்துவிட்டுத் திகைத்து நின்றார். அவர் போட்டது கறுப்பு நூலில் ஒரே ஒரு தையல். இப்போது அதன் நுனியில் அரக்கு நிறத்தில் ஒரு வால் தொங்கியது.

"முடிச்சு தளந்து இருந்துதுங்க" என்று நெசவாளர் விளக்கினார். "அறுந்த இழைய முடியற மாரி, நம்ப தறி நூலு ஒண்ண சேத்து முடிஞ்சுட்டேன். அவுராது."

சிஸ்டர் குனிந்து அதை நன்றாகப் பார்த்தாள். "முடிச்சு நல்லா இருக்குது. ஆனா இத நீங்க செய்யக்கூடாது. சீழ் புடிச்சுடும்" என்றாள். நெசவாளர் முதல் பாதிக்கு மட்டும் தலையாட்டினார்.

தையலைப் பிரித்தபின் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "லேப்ல இன்னொரு சேம்பிள் கேக்கறாங்க. சில நேரம் அப்படி கேப்பாங்க. இன்னொரு வாட்டி எடுத்துடலாம்."

"ஏங்க?"

"அது சும்மா, உறுதி பண்ணிக்க."

நெசவாளர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "அப்டியாம்மா?"

கேட்டுவிட்டார். இனி ஒன்றும் செய்ய முடியாது.

"இல்லீங்க" என்றாள் சிஸ்டர். "மருந்து இல்லாத பாட்டில்ல போட்டுட்டோம். கெட்டுப் போச்சு. மருந்து இருக்குதான்னு நான் கேட்டேன், இருக்குதுன்னு சொன்னாங்க. கையுறை போட்டுகினு இருந்தேன், நான் மோந்து பாக்கல."

"யாரு சொன்னது?"

"இந்த அக்கா."

விரலை நீட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். எங்கள் தெருவிலேயே மூன்று வீடு தள்ளி இருக்கிறவர் அந்த நெசவாளர். என் கல்யாணத்துக்குச் சாப்பிட வந்தவர். தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

"பத்து நாளா நான் கொழந்தைய தூக்கல" என்றார் அவர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. அப்புறம் பெருமூச்சு விட்டார். "சரி. நெசவுல தப்பு விழுந்தா, வுழுந்த எடம் தெரிஞ்சாதான் பிரிச்சு நெய்ய முடியும். வெட்டுங்க. இந்த சிஸ்டரம்மாவே ட்ரேய எடுத்துகினு வரட்டும்." என்னைப் பார்த்து, "நீ இந்த வாட்டி மோந்து பாரும்மா" என்றார்.

சிஸ்டர் அப்போதும் பதினாறையும் கேட்டாள். டாக்டர், நெசவாளர், சிஸ்டர் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க நான் பாட்டிலைத் திறந்து மூக்கில் வைத்துக்கொண்டேன். தள்ளி வைக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "அழுவாதம்மா, ஆனது ஆயிப் போச்சு" என்று நெசவாளர் சமாதானம் சொன்னார். அழவில்லை, ஃபார்மலின்தான். பாதி ஃபார்மலின்.

மூன்று நாள் கழித்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சிஸ்டரை இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்ல வேண்டும், பேஷண்ட் முன்னால் இப்படிப் பேசினால் கிளினிக் நடத்த முடியாது என்றார். "நீங்களே சொல்லிடுங்கம்மா. எனக்குச் சங்கடமா இருக்குது."

அந்தக் கட்டடம் என் வீட்டுக்காரரின் பெரியப்பாவுடையது. என்னை நிறுத்துவதென்றால் டாக்டர் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும். அவளை நிறுத்துவதற்குப் பெரணமல்லூர் பஸ்ஸில் ஒரு சீட்டு காலியானால் போதும். இது அப்போதே எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது, நான் நின்றுகொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை என் தெருக்காரர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்ற கோபம் எனக்குள் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன்.

"நீங்க சொல்றீங்களா, டாக்டர் சொல்லச் சொன்னாரா?"

"டாக்டர்."

"ஏன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"சரிக்கா" என்றாள். கையிலிருந்த உருண்டையை முடித்து டப்பாவில் போட்டாள்.

இரண்டாவது ரிப்போர்ட் மாதக் கடைசியில் வந்தது. தொழுநோய்தான். ஆரம்ப நிலை. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடும், அரசு ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள், தறியில் உட்காரலாம், யாருக்கும் ஒட்டாது, குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டர் விவரமாகச் சொன்னார். நல்ல டாக்டர் அவர், வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நெசவாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுச் சிஸ்டரைப் பார்த்தார்.

"தூக்கலாமாம்மா?"

"தூக்கலாம்."

அவர் எழுந்து, மருந்துச் சீட்டைக்கூட வாங்காமல் ஜல்தியாக வெளியே போனார். நான் சீட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓட வேண்டியிருந்தது.

அவளுடைய கடைசி நாள் அன்று நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனேன். வராதே என்று அவள் சொல்லவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். பெரணமல்லூர் பஸ் வந்து நின்று, டிரைவர் இறங்கி எங்கோ போனார். என்னால் அடக்க முடியவில்லை.

"எம்மேல கோவம் இருக்குதா சிஸ்டர்?"

வேறு யாராக இருந்தாலும், சேச்சே, அதெல்லாம் இல்லக்கா என்றிருப்பார்கள். நானும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு வடித்திருப்பேன். அவள் கோபம் இருக்கிறதா என்று தனக்குள் பார்த்தாள். ட்ரேயைப் பார்க்கிற அதே பார்வை.

"இருக்குது" என்றாள்.

"போயிடுமா?"

"தெரியலக்கா."

பஸ் கிளம்பும்வரை பக்கத்தில் நின்றேன். அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கையை அசைத்தாள். கோபம் இருக்கும்போதும் கை அசைக்கலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு சிஸ்டர்கள் வந்து போனார்கள். யாரும் என்னை எதிரில் நிறுத்திக் கேட்கவில்லை. நானாகவே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ட்ரேயைத் தூக்கவிடுவேன். டாக்டர் ஈரக் கையோடு அரைமணி நேரம் காத்திருப்பார். பெரியப்பா கட்டடம், அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பிறகு நானும் நின்றுவிட்டேன்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்குச் செய்யார் போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். சிப்காட் கம்பெனி பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டது. கழுத்தில் அடையாள அட்டையோடு சிஸ்டர் இறங்கினாள். கம்பெனியில் முதலுதவி அறையில் வேலையாம். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தாலி இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தாள்.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

இருக்கிறேன் என்றேன். நெசவாளர் மாத்திரையை முடித்துவிட்டார், தேமல் மங்கிவிட்டது, பேத்தி தறியடியில் நடந்து நூலையெல்லாம் இழுத்துப்போடுகிறாள் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன், அவருக்கு ரசம் வைக்கத் தெரியும் என்றாள். அந்த விஷயத்தைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பழைய பதிலே வந்தால் தாங்கமாட்டேன்.

"அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு கேட்டீங்களேக்கா" என்றாள் அவளாகவே. கேட்காமல் அவள் தன்னைப் பற்றி ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமா."

"அந்தக் கோவம் ரொம்ப நாள் இருந்துது. கல்யாணத்தப்பகூட உங்களுக்குப் பத்திரிகை வெக்கலாமான்னு நெனச்சு, பாத்தேன். இருந்துது. வெக்கல." தோளில் பையைச் சரிசெய்துகொண்டாள். "இப்ப உங்கள பஸ்ஸுல இருந்தே பாத்தேன். எறங்கறதுக்கு முன்ன ஒரு வாட்டி மனசுக்குள்ள நல்லா பாத்தேன்க்கா. இல்ல."